உள்ளிருந்து திறக்கும் கதவு

தம்பி,

நீ உள்ளே இருக்கப்போகும் எட்டு மாதத்தில் எனக்கு ஏதாவது நேர்ந்தால் அதை உனக்குச் சொல்ல வேண்டுமா, வேண்டாமா? வெள்ளிக்கிழமை போனில் நீ கேட்ட இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்கிறேன் என்றேன். இன்று ஞாயிறு. காலைப் பூசைக்கும் போகாமல் சமையலறை மேசையில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்துவிட்டேன். தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்தமாதிரி சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். ஒருமுறை சொல்லியிருக்கிறேன். அதனால்தான் பதிலுக்குப் பதிலாக இந்தக் கடிதம்.

நீ போகிற செய்தி ஊரில் எப்படி உருமாறியிருக்கிறது என்று உனக்குத் தெரிந்தால் சிரிப்பாய். போன வாரம் பாசாரில் ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து வரும் மீன் வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். எதிர்வீட்டு செல்வி அக்கா பையோடு வந்து மறித்துக்கொண்டார். "என்னலா, உன் மகன் ராக்கெட்ல போறானாமே? ஒரு வார்த்த சொல்லல?"

"ராக்கெட் இல்லக்கா. மேல சுத்துதுல்ல விண்வெளி நிலையம், அதே மாதிரி தரையில கட்டி வச்சிருக்காங்க. அதுக்குள்ள ஆறு பேரு எட்டு மாசம் இருக்கணும்."

"தரையிலயா?"

"தரையிலதான்."

"அப்ப நடுவுல வெளிய வந்து ஒரு டீ குடிச்சிட்டுப் போலாம்ல?"

"வரக் கூடாதுக்கா. அதான் பரீட்சையே."

"இதுக்கா இவன இன்ஜினியருக்குப் படிக்க வச்ச?" என்று கேட்டுவிட்டு, கெண்டையைப் புரட்டிச் செவுள் பார்க்கப் போய்விட்டார்.

நீ முதலில் சொன்னபோது நானும் ஏறக்குறைய இதைத்தான் கேட்டேன், இன்னும் நாசூக்காக. சுற்றுப்பாதையில் மாதக்கணக்கில் இருப்பவர்களுக்கு எடை கிடையாது, சுவருக்கு அந்தப் பக்கம் காற்று கிடையாது. உங்கள் கூடத்தில் இரண்டும் இருக்கும். பிறகு எதை நிரூபிக்கப் போகிறீர்கள்? நீ பொறுமையாகத்தான் சொன்னாய். அவர்களுடைய கால அட்டவணைதான் உங்களுக்கும், அதே பொட்டலச் சாப்பாடு, அதே இரண்டு மணிநேர உடற்பயிற்சி, அதே அளவு இடம். வெளிச்சம் விளக்கிலிருந்து மட்டும். உடனுக்குடன் போன் பேச்சு கிடையாது, வாரத்துக்கு ஒரு செய்தி, அதுவும் தாமதமாக. "மனுஷங்க ஒருத்தருக்கொருத்தர் என்ன செஞ்சிக்கிறாங்கன்னு பாக்கணும்மா. அதுக்குப் புவியீர்ப்பு ஒண்ணும் தடையில்ல" என்றாய். என்னால் மறுக்க முடியவில்லை. கழிவு நீரைச் சுத்தம் செய்து திரும்பக் குடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, நீர் ஆய்வுக்கூடத்தில் இருபத்து நாலு வருடம் வேலை பார்ப்பவளிடம், "நீங்கன்னா குடிப்பீங்களா?" என்று கேட்டாய். "ரிப்போர்ட்டக் காட்டு, குடிக்கிறேன்" என்றேன். அது வேடிக்கைக்குச் சொன்னதல்ல. கையில் எண் இருந்தால் நான் எதையும் நம்புவேன். அது என் பலம் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன்.

உன் அப்பா இருந்திருந்தால் ஐந்து ஐந்து நிமிடமாகக் கோடு போட்ட அந்த அட்டவணையைப் பார்த்துவிட்டு, "இது பெரட்டுலா" என்றிருப்பார். கோலா கங்சார் பக்கத்துத் தோட்டத்தில், விடியும் முன்னே ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டைப் பார்த்து வளர்ந்தவர் அவர். அவருக்குத்தான் மேலே சுற்றும் அந்த நிலையத்தின்மேல் பைத்தியம். உனக்குப் பதினொரு வயது. கமுந்திங் தொழிற்பேட்டையில் வேலை முடிந்து அவர் வீடு வந்து சேரவே ஏழு ஆகிவிடும். நிலையம் ஈப்போவைக் கடக்கும் நாட்களில் மட்டும் எப்படியோ சீக்கிரம் வந்துவிடுவார். கார் நிறுத்தும் இடத்தின் கூரைமேல் நீங்கள் இருவரும் ஏணி வைத்து ஏறிவிடுவீர்கள். முதல் நாள் மழை. இரண்டாம் நாள் மேகம். நான் கீழே நின்று, "இன்னிக்கு வர்றது பினாங்கு பிளேனுதான்" என்று கேலி செய்துகொண்டிருந்தேன். மூன்றாம் முறை, பொழுது சாய்ந்து கொஞ்ச நேரத்தில், சுண்ணாம்புக் குன்றுக்கு மேலே மினுங்காமல் ஒரு வெளிச்சம் நிதானமாகக் கிளம்பி வந்தது. "அதுல ஆளுங்க இருக்காங்கடா, இப்ப டீ நேரமா இருக்கும்" என்றார் அப்பா. நீ கையை ஆட்டினாய். அவரும் ஆட்டினார். நான் ஆட்டவில்லை. அங்கிருந்து பார்த்தால் தெரியாது என்பது எனக்குத் தெரியும்.

அறிவுரை சொல்ல எனக்குத் தகுதி குறைவு. ஆனாலும் அடைத்த இடத்தில் பல பேரோடு இருப்பதைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். கல்யாணமான புதிதில் உன் அப்பாவின் குடும்பத்தோடு தோட்டத்து வீட்டில் ஏழு மாதம் இருந்தேன். இரண்டு அறை, பெரியவர்கள் ஐந்து பேர். பட்டம் வாங்கிய கையோடு போன எனக்கு, உன் சித்தப்பாவின் ரேடியோவைப் பொறுக்க முடியவில்லை. விடிந்ததிலிருந்து அலறும். யாரிடமும் சொல்லவில்லை. படித்த பெண் குறை சொல்கிறாள் என்று ஆகிவிடுமோ என்று பயம். ஒருநாள் அதிலிருந்த பேட்டரிகளை உருவி அரிசி டின்னுக்குள் புதைத்துவிட்டேன். மூன்று நாள் வீடே தேடியது. பக்கத்து வீட்டுப் பையன்கள்மேல் சந்தேகப்பட்டு உன் சித்தப்பா சண்டைக்குப் போய்விட்டார். நாலாம் நாள் உன் அத்தை அரிசி அள்ளப் போய்க் கையில் பேட்டரியோடு என்னைப் பார்த்தார். "ரேடியோ சத்தம் ஆகலன்னா வாயத் தொறந்து சொல்லக்கூடாதா அண்ணி?" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து ரேடியோ மெதுவாகப் பாடியது. சத்தமாகச் சாப்பிடுகிறவர் ஒருவர் உங்கள் ஆறு பேரில் நிச்சயம் இருப்பார். முதல் வாரத்திலேயே சொல்லிவிடு. நீயே அந்த ஆளாகவும் இருக்கலாம். கேட்டுக்கொள்.

இப்போது அந்தப் படிவத்துக்கு வருகிறேன். 'குடும்பத்தில் மரணமோ கடும் நோயோ நேர்ந்தால்' என்று தொடங்கி மூன்று கட்டம் இருக்கிறது என்று படித்துக் காட்டினாய். வாரச் செய்திக்குக் காத்திராமல் உடனே தெரிவிக்கவும். வெளியே வந்தபின் தெரிவிக்கவும். குடும்பத்தின் முடிவுக்கு விடுகிறேன். உண்மையான நிலையத்தில் இருப்பவர்களிடமும் கிளம்புமுன் இப்படிக் கேட்பதுண்டு என்றாய். அவர்கள் நினைத்தாலும் ஓடி வர முடியாது. அதனால் அவர்களுடைய பதில், துக்கத்தை எப்போது சுமப்பது என்பதோடு முடிந்துவிடும். உன் கதை வேறு. அந்தக் கதவு உள்ளிருந்தே திறக்கும். நீ திறந்துகொண்டு வரலாம். வந்தால் மற்ற ஐந்து பேரின் எட்டு மாதமும் அங்கேயே முடிந்துபோகும். சொன்னால் வந்துவிடுவாயோ என்று ஒரு பயம், சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று இன்னொன்று. இதற்கு நடுவில் நீ சர்வ சாதாரணமாக, "மூணாவத டிக் பண்ணிடவாம்மா? நீங்க பாத்து முடிவு செஞ்சிக்குங்க. உங்க மேல நம்பிக்க இருக்கு" என்றாய். அந்தக் கடைசி வாக்கியத்துக்கு அப்புறம் நீ பேசியது எதுவும் என் காதில் விழவில்லை.

ஏனென்றால் மூன்றாவது கட்டத்தை ஒருமுறை உன்னைக் கேட்காமலே உனக்காக நிரப்பியிருக்கிறேன். நீ பள்ளி இறுதிப் பரீட்சை, எஸ்.பி.எம்., எழுதிக்கொண்டிருந்த வாரம். அப்பாவை டிங்கிக் காய்ச்சலோடு சனிக்கிழமை வார்டில் சேர்த்தோம். நம் ஆட்களிடம் ஒரு சட்டம் உண்டு, யாரும் எழுதிவைக்காதது. பரீட்சை எழுதும் பிள்ளைக்கு வீட்டில் நடக்கும் எதையும் சொல்லக் கூடாது. யார் வீட்டிலும் இதைத்தான் செய்தார்கள். வார்டுக்கு வந்தவர்கள் ஒவ்வொருவரும் அப்பாவைப் பார்த்துவிட்டு என்னைத் தனியே அழைத்து, "தம்பிக்குச் சொல்லிடாத, பேப்பர் முடியட்டும்" என்றார்கள். சவரி மாமா, என் சொந்த அண்ணன், எல்லாரையும்விட அழுத்திச் சொன்னார். பள்ளி விடுதிப் போனிலிருந்து நீ தினமும் சாயங்காலம் கூப்பிடுவாய். காய்ச்சல், ஓய்வெடுக்கிறார் என்று சொல்லிவந்தேன். அதுவரை அது பாதிப் பொய்தான்.

செவ்வாய்க்கிழமை நீ கூப்பிட்டபோது, "அப்பாகிட்ட ஒரு நிமிஷம் குடுங்கம்மா" என்றாய். நான், "அப்பா தூங்குறாரு, நீ போயி படி" என்றேன். இது உனக்கு நினைவிருக்கும். உனக்குத் தெரியாததை இப்போது எழுதுகிறேன். அவர் தூங்கவில்லை. விழித்திருந்தார். உன் குரல் போனுக்கு வெளியேயும் கேட்டிருக்க வேண்டும். கையை நீட்டினார். போனைக் கொடு என்று. நான் போனோடு தாழ்வாரத்துக்கு நடந்துபோய் அங்கிருந்துதான் உனக்கு அந்தப் பதிலைச் சொன்னேன்.

திரும்பி வந்தபோது, "தம்பியா?" என்றார்.

"ஆமா. நாளைக்கு அவனுக்கு பிசிக்ஸ் பேப்பர்."

"ஒரு வார்த்த பேசியிருப்பேன்ல."

"உங்க குரலக் கேட்டா அவனுக்குத் தெரிஞ்சிடும். நாளைக்கு மத்தியானம் பேசலாம்."

"சரி" என்றார். கோபமில்லை. அவருக்கு என்னிடம் எப்போதும் இருந்த அதே 'சரி'.

அன்று காலை ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் ஏறியிருந்தன. அந்தத் தாளை நான் இரண்டு தடவை வாங்கிப் பார்த்தேன். எண் ஏறியிருந்ததால் நாளை என்று ஒன்று இருக்கிறது என்று கணக்குப் போட்டுவிட்டேன். ஒரே ஒரு சோதனை மாதிரியை வைத்து முடிவு சொல்லக் கூடாது என்று ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்பவர்களுக்குக் கற்றுக்கொடுப்பவள் நான். மறுநாள் காலை, நீ மண்டபத்துக்குள் தாளைப் புரட்டிக்கொண்டிருந்த நேரத்தில், அப்பா போய்விட்டார். சவரி மாமா உன் பள்ளிக்கு வந்து, பேப்பர் முடியும்வரை காருக்குள் காத்திருந்தார். "அப்பாவுக்கு முடியல" என்று மட்டும் சொல்லி அழைத்துவந்தார். ஈப்போ எல்லைக்கு வந்தபிறகுதான் மீதியைச் சொன்னார். நீ மண் போட்டாய். அழுதாய். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்த பேப்பரில் உனக்கு ஏ கிடைத்தது. சான்றிதழுக்குச் சட்டம் போட்டு மாட்டவில்லையே என்று செல்வி அக்கா பலமுறை கேட்டிருக்கிறார். என்னால் அதைச் சுவரில் பார்க்க முடியாது.

ஒன்பது வருடமாக இதைச் சொல்ல நினைத்து நினைத்து விட்டுவிட்டேன். முதலில் உனக்குப் பல்கலைக்கழகம், பிறகு முதல் வேலை, பிறகு இந்தத் தேர்வு. எப்போதும் உனக்கு ஒரு பேப்பர் பாக்கி இருந்தது. சொல்லாமல் இருப்பதற்கு நல்ல காரணம் கிடைக்காத நாளே இல்லை என்பதை மட்டும் இப்போது தெரிந்துகொண்டிருக்கிறேன். அன்று பேசியிருந்தால் அப்பா உன்னிடம் என்ன சொல்லியிருப்பார் என்று என்னைக் கேட்காதே. எனக்குத் தெரியாது. நானாக எதையாவது இட்டுக்கட்டி உன்னைச் சமாதானப்படுத்த மாட்டேன். ஒருவேளை, "நல்லா எழுதுடா" என்பதோடு முடித்திருப்பார். அதையாவது நீ கேட்டிருப்பாய்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை எழுதாமல் மேலே உள்ளதை மட்டும் கொடுத்தால் நான் திருந்தவில்லை என்று அர்த்தம். என் இதயத்தில் ஒரு வால்வு கசிகிறது. ஆய்வுக்கூடத்து மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கியது, போய்க் காட்டினேன். டாக்டர் பயப்பட வேண்டாம் என்றார், தள்ளிப்போடவும் வேண்டாம் என்றார். அறுவைக்கு இந்தப் புதன்கிழமையையே கொடுத்தார்கள். வியாழக்கிழமை நீ விமானம் ஏறுகிறாய். உனக்குத் தெரியக் கூடாது என்று ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, நீ உள்ளே போனபிறகு வருகிற மாதிரி தேதியை மாற்றிக்கொண்டேன். மாற்றிவிட்டு நிம்மதியாகத் தேநீர் போட்டுக் குடித்தேன். ஒரு வாரம் கழித்து நீ அந்தப் படிவத்தைப் படித்துக் காட்டினாய். மறுபடி போனை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போய்விட்டேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆகவே மூன்றாவது கட்டத்தை விட்டுவிடு. அந்த முடிவை என் கையில் கொடுக்காதே, நான் அதைச் சரியாகச் செய்யக்கூடியவள் இல்லை. முதலாவதா இரண்டாவதா என்று நீயே பார்த்துக்கொள். போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போ என்று தள்ளவும் இல்லை. எல்லாம் தெரிந்த பிறகு நீ எடுக்கும் முடிவு எதுவானாலும் எனக்குச் சம்மதம். நாளை நீ வீட்டுக்கு வரும்போது இதைக் கையில் கொடுப்பேன். வாயால் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன்.

அம்மா

*

திங்கட்கிழமை நடந்ததையும் இதன் கீழேயே எழுதிவைக்கிறேன். பரீட்சை எழுதும் பிள்ளைகள் இருக்கிற வீடுகள் படிக்கட்டும், அச்சில் வந்தால் வரட்டும் என்று நீயே சொல்லிவிட்டதால் எதையும் மாற்றவில்லை.

பத்து மணிக்கு வந்தாய். கடிதத்தைக் கொடுத்துவிட்டு நான் பயற்றங்காய் நறுக்க உட்கார்ந்தேன். நீ நின்றுகொண்டே படித்தாய். ஒரு பக்கத்தைத் திருப்பிவிட்டு மறுபடி பின்னால் வந்தாய். எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும்.

"கைய நீட்டுனாரா?" என்றாய்.

"ம்."

"எந்தக் கை?"

"வலது. இடதுல ஊசி போட்டிருந்தாங்க."

கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனாய். கார் கிளம்பும் சத்தம் கேட்டது. இரண்டு மணிநேரம் ஆனது. நான் பயற்றங்காயை அப்படியே வைத்துவிட்டேன். திரும்பி வரும்போது மூலைக்கடை பாயிடம் இரண்டு பொட்டலம் மீ கோரேங் நூடுல்ஸ் தாப்பாவ் கட்டி வாங்கிவந்தாய். உட்கார்ந்து சாப்பிட்டோம். "ஒம்பது வருஷம்மா" என்று ஒருமுறை சொன்னாய். மன்னித்தேன் என்று நீ சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. சாப்பிட்ட தாளை மடித்துவிட்டு, "மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போன் போடுங்க. புதன்கிழமையே கெடைக்குமான்னு கேளுங்க" என்றாய். கேட்டேன். அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். பழைய தேதியே நிற்கிறது. நீ உள்ளே போய்ப் பத்தொன்பதாம் நாள்.

பிறகு பையிலிருந்து படிவத்தை எடுத்து முதல் கட்டத்தில் குறி போட்டாய். தெரிவிக்க வேண்டியவர் யார் என்ற வரியில் என் பெயரை எழுதினாய்.

"எனக்கே ஏதாச்சும் ஆச்சுன்னா நான் எப்படிடா சொல்றது?" என்றேன்.

அன்றைக்கு நீ சிரித்தது அப்போதுதான். என் பெயரை அடித்துவிட்டு சவரி மாமா பெயரை எழுதினாய். எழுதிய கையோடு போனை மேசைமேல் வைத்து, ஸ்பீக்கரில் அவரைக் கூப்பிட்டாய்.

"மாமா, அம்மாவுக்கு ஆபரேசன். நான் உள்ள இருக்கும்போது வருது. எது நடந்தாலும் நீங்கதான் எனக்குச் சொல்லணும். அன்னிக்கே சொல்லணும். தூங்குறாங்கன்னு சொல்லக்கூடாது."

லைன் போய்விட்டதோ என்று நீ திரையைத் தொட்டுப் பார்த்தாய். பிறகு, "சரிய்யா" என்றார். மூக்கை உறிஞ்சும் சத்தம். "அவ தூங்குனாக்கூட எழுப்பி விசாரிச்சிட்டுத்தான்லா உனக்குச் சொல்லுவேன்."

நாலு மணிக்குக் கிளம்பினாய். கேட்டருகே நின்று போனில் அந்த அட்டவணையைத் தேடி எடுத்தாய். "பத்தொம்பதாவது நாள், காலைல ஒம்பது மணி. நான் சைக்கிள் மிதிச்சிக்கிட்டு இருப்பேன்மா. இந்தா, போட்டிருக்கு பாருங்க" என்று காட்டினாய். ஐந்து நிமிடக் கோடுகளுக்கு நடுவே இருந்தது.

"கதவத் தொறந்துக்கிட்டு ஓடி வந்துடாதடா" என்றேன்.

"அத நான் பாத்துக்கிறேன்" என்றாய்.

"சரி" என்றேன்.